குளிர வைக்க மாட்டேன்

போன மாதம் ஒரு பெண் என்னைத் தேடிக் கள்ளக்குறிச்சிக்கு வந்தாள். பெர்ஃப்யூஷன், அதாவது இதய நுரையீரல் இயந்திரம் ஓட்டும் படிப்பு, முடித்து, இதய அறுவை சிகிச்சை நடக்கும் ஓர் ஆஸ்பத்திரியில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறாள். அந்த இயந்திரத்தை ஓட்டி ஓய்வுபெற்ற ஒருத்தி இந்த ஊரில் இருக்கிறாள் என்று யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "எங்களுக்கு மொத நாளே சொல்லிக் குடுத்துட்டாங்க ஆன்ட்டி. சர்ஜன் என்ன சொல்றாரோ அதைத் திருப்பிச் சொல்லணும். அப்புறம் செய்யணும். அதுக்கு மேல வாயத் தொறக்கக் கூடாது."

நான் காப்பியைக் கீழே வைத்தேன். அந்தப் பெண்ணைத் திட்டி என்ன பயன்? அவளுக்கும், அவளைப் போல இந்த இயந்திரத்தின் முன்னால் உட்காரப் போகிற உங்கள் எல்லாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரண்ட் போய், கைப்பிடியைச் செருகி பம்ப்பைச் சுற்றிய கதை இதில் வராது. அந்தக் கதை நம் தொழிலில் எல்லாரிடமும் ஒன்று இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது. கேட்பவர்கள் கை தட்டுவார்கள். சுற்றுவதற்குக் கையில் பலம் இருந்தால் போதும். நான் சொல்லப்போவது வாயைத் திறந்த கதை. அதற்கு யாரும் கை தட்டவில்லை.

நான் சேர்ந்த காலத்தில் அந்த இயந்திரம் நம் பக்கத்துக்குப் புதிது. இன்று உங்கள் முன்னால் இருப்பது போலத் திரையும் எச்சரிக்கை மணியும் அதற்குக் கிடையாது. உடம்புக்குப் போகும் லைனில் ஒரு பிரஷர் முள், அதற்கப்புறம் நம் இரண்டு கண். இதயத்துக்கு வரும் ரத்தத்தைக் குழாய் வழியாக வெளியே எடுப்போம். ஒரு கண்ணாடிக் கூட்டில் ஆக்சிஜனைக் குமிழி குமிழியாக அதற்குள் விடுவோம். நுரையை அடக்கி, சுத்தமான ரத்தத்தைத் திரும்ப உடம்புக்குள் தள்ளுவோம். அந்த நேரம் நோயாளியின் இதயமும் நுரையீரலும் நாம்தான். ஒருமுறை உபயோகித்ததைத் தூக்கி எறிகிற வசதியும் அப்போது இல்லை. கண்ணாடிக் கூட்டையும் குழாய்களையும் கழுவிக் கழுவித்தான் ஓட்டினோம்.

அப்புறம் ஐஸ். தொழிற்சாலையிலிருந்து சாக்கு சுற்றிய ஐஸ் பாளம் வரும். மரச்சுத்தியால் அதை உடைத்து வாளியில் போடுவது புதிதாக வந்தவர்களின் வேலை. ஒரு பக்கம் ஐஸ் வாளி, ஒரு பக்கம் வெந்நீர் வாளி. தண்ணீர்க் குழாயை எந்த வாளியில் போடுகிறோமோ அதற்கேற்ப இயந்திரத்துக்குள் ஓடும் ரத்தம் குளிரும் அல்லது சூடேறும். உடம்பைக் குளிர வைத்தால் மூளைக்கு ஆக்சிஜன் கொஞ்சம் போதும். இயந்திரம் நடுவில் மக்கர் செய்தாலும் சரிசெய்யச் சற்று அவகாசம் கிடைக்கும். எங்கள் சீஃப், அதாவது தலைமை சர்ஜன், அந்தக் குளிரைத்தான் கவசமாக நம்பினார். அவர் நம்பியது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த இயந்திரங்களை வைத்துக்கொண்டு வேறு எதை நம்புவது?

ஆபரேஷன் தியேட்டரில் எனக்குப் பெயர் கிடையாது. "பம்ப், ரெடியா?" என்பார். "ரெடி சார்" என்பேன். அவ்வளவுதான் உறவு. நான் கச்சிராயப்பாளையம் பக்கத்துக் கரும்பு வெட்டும் குடும்பத்திலிருந்து சென்னைக்கு வந்தவள். வேலை இன்னும் நிரந்தரம் ஆகாத நேரம். வீட்டில் அடுப்பெரிவது என் சம்பளத்தில். அதனால் அந்த "ரெடி சார்" எனக்கு நன்றாகவே வந்தது.

இந்தக் கதையில் வரும் நோயாளி ராமாயியை நான் முதலில் பார்த்தது ஆபரேஷனுக்கு முந்தின நாள் வார்டில். பம்ப் ஆட்கள் வார்டுக்குப் போகிற வழக்கமே அப்போது இல்லை. மறுநாள் பட்டியலில் ஊர் வெள்ளிமலை என்று இருந்தது. கல்வராயன் மலை ஆள் சென்னை வரைக்கும் வந்து படுத்திருக்கும்போது, மலையடிவாரத்துக்காரி ஓர் எட்டுப் பார்க்காமல் இருக்க முடியுமா? போனேன்.

கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். என்னைவிடச் சிறியவள். இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறவியிலேயே ஓட்டை. பக்கத்தில் அவள் புருஷன் வெள்ளையன் தரையில் குந்தியிருந்தார்.

"இன்னாக்கா, நீதான் அந்த மெஷினு ஓட்டறவளா?" என்றாள். ராமாயிக்கு யாரையும் "நீங்க" என்று சொல்லிப் பழக்கமில்லை.

வெள்ளையன் மெதுவாகக் கேட்டார்: "நெஞ்ச நிறுத்திப்புட்டு தைப்பாங்கன்றாங்களே. அப்பறம் அது ஓடலன்னா?"

"ஓடற வரைக்கும் நான் ஓட்டிக்கினே இருப்பேன்" என்றேன்.

"அப்ப உனுக்குத் தூக்கம் வரக் கூடாது" என்று ராமாயி சிரித்தாள். நான் உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்டேன். "மேட்டுல ஏறுனா மூச்சு வாங்குது. அப்பறம் மார்கழி, தை மாசத்துல பனில களத்துக்குப் போனன்னா வெரலு, காது, மூக்கு நுனி எல்லாம் நாவப்பழமா ஆயிடும். அடுப்பாண்ட குந்திக்கினா போயிடும்."

"கீழ எறங்கி வந்தா?"

"கள்ளக்குறிச்சி வெயில்ல அது எங்க வரும்? ஒண்ணும் கெடையாது."

வெளியே வந்து அங்கிருந்த இளம் டாக்டரிடம் இதைச் சொன்னேன். "ஹார்ட்ல ஓட்டை இருக்கறவங்களுக்கு நீலம் வரும்மா. நீ போய் உன் பம்ப்பைப் பாரு" என்றார். போய்ப் பார்த்தேன்.

மறுநாள் வெளியூரிலிருந்து வந்திருந்த சர்ஜன்கள் சீஃபின் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நெஞ்சு திறந்தாயிற்று. ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுத்தாயிற்று. "பம்ப் ஆன்" என்றார். "பம்ப் ஆன், சார்." ராமாயியின் ரத்தம் என் கண்ணாடிக் கூட்டுக்குள் வந்து, குமிழியிட்டுச் சிவந்து திரும்பிப் போனது. "கூலிங்" என்றார். "கூலிங், சார்" என்று குழாயை ஐஸ் வாளியில் போட்டேன்.

சூடு இறங்க இறங்க, கூட்டின் உள்சுவரில் ஏதோ தெரிந்தது. வெளிச்சத்தைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு ரவையைத் தூவியது போல இருந்தது. ஓடுகிற ரத்தத்தில் துகள் இருக்கவே கூடாது. அது மூளைக்குப் போய்ச் சின்னக் குழாய்களை அடைத்தால், தைத்து முடித்த பிறகு ராமாயி கண்ணே திறக்க மாட்டாள். உடம்புக்குப் போகும் லைனில் பிரஷர் முள்ளும் ஏறத் தொடங்கியது.

"சார், ரத்தம் திரியுது."

"ஹெப்பாரின் பத்தலை. இன்னும் குடுங்க" என்றார் சீஃப் தலையைத் தூக்காமல். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா ஹெப்பாரினை ஏற்றினார். ரவை அப்படியேதான் இருந்தது, இன்னும் கூடியது.

ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் ரத்தம் பிடித்தேன். அதிலும் துகள். டாக்டரம்மாவிடம் காட்டலாம் என்று அதை உள்ளங்கையில் மூடிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பம்ப்பின் வேகத்தைச் சரிசெய்தேன். கையைத் திறந்தால் குப்பியில் ரத்தம் வழவழவென்று இருக்கிறது. துகள் ஒன்றுகூட இல்லை. குப்பியை ஐஸ் வாளியில் தொட்டு எடுத்தேன். மறுபடியும் ரவை. கையில் மூடினேன். கலைந்தது.

அடுப்பாண்ட குந்திக்கினா போயிடும் என்றாளே!

எனக்கு இதன் பெயர் தெரியாது. எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, இருக்கிறதா என்றுகூடத் தெரியாது. சீஃப் சொன்னார்: "பம்ப், கூலிங் பத்தாது. இன்னும் எறக்கு."

முதல் தடவையாக நான் அவர் வார்த்தையைத் திருப்பிச் சொல்லவில்லை. குழாயை ஐஸ் வாளியிலிருந்து உருவி, வெந்நீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்து வெதுவெதுப்பாக்கிய வாளியில் போட்டேன். ஐஸ் வாளியைக் காலால் தள்ளிவிட்டேன். அது தரையில் கிறீச்சிட்டுக்கொண்டு போய்ச் சுவரில் முட்டியது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாத்தச் சொல்லி யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை சார். குளிர வைக்க மாட்டேன்."

சொன்ன பிறகுதான் என் காதுக்கே அது கேட்டது. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"ஏன்? காரணம் சொல்லு."

"காரணம் தெரியாது சார். குளுந்தா திரியுது, சூடானா கலையுது. அவ்வளவுதான் தெரியும்."

"சூட்டுல ஓட்டறப்ப பம்ப் நின்னா மூளை போயிடும். நிக்காதுன்னு உத்தரவாதம் குடுப்பியா?"

"குடுக்க முடியாது சார். ஆனா குளிர வச்சா என்ன ஆகும்னு கண்ணு முன்னால தெரியுது."

"எழுந்திரு. வேற ஆளைக் கூப்பிடுங்க."

நான் எழுந்திருக்கவில்லை. முக்காலியைக் காலால் இறுக்கிக்கொண்டேன். பயம் இல்லையா என்றால், இருந்தது. வேலை போய்விடும் என்று தெரிந்தது, ஊரில் அம்மாவின் முகம் வந்து போனது. அதையெல்லாம்விட அந்தப் பெண்ணின் ரத்தத்தை ஐஸுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு எழுந்து போகிறதுதான் எனக்கு முடியாததாக இருந்தது.

டாக்டரம்மா என் கையிலிருந்த குப்பியை வாங்கினார். ஐஸில் வைத்தார், பார்த்தார். உள்ளங்கையில் வைத்தார், பார்த்தார். "சார், அவ சொல்றது நிஜம். என்னன்னு எனக்கும் புரியலை. சூடாவே வச்சுப்போம்" என்றார்.

சீஃப் என் பக்கம் எட்டிப் பார்த்தார். கூட்டின் சுவரில் துகள் கரைந்துகொண்டிருந்தது, பிரஷர் முள்ளும் இறங்கியது. "சரி" என்றார். இதயத்தைக் குளிர வைத்து நிறுத்த, அதன்மேல் ஊற்றுவதற்காக வைத்திருந்த குளிர்ந்த உப்புத் தண்ணீரையும் வேண்டாம் என்று எடுக்கச் சொன்னார். இதயத்தை நிறுத்தாமல், துடித்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளே ஒரு காற்றுக் குமிழிகூடப் போகாமல் அந்த ஓட்டையைத் தைத்து முடித்தார். ஓடுகிற தையல் மெஷினில் ஊசிக்கு நூல் கோர்ப்பது போன்ற காரியம் அது. அப்படியொரு கையை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. அவரைப் பற்றி நான் என்ன கோபமாக எழுதினாலும் இந்த வரியை அழிக்காதீர்கள்.

ராமாயி கண் விழித்தாள். சில பேருடைய ரத்தத்தில் குளிர்ந்தால் மட்டும் அணுக்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கிற சங்கதி ஒன்று உண்டு என்று டாக்டரம்மா பிறகு தேடிப் படித்துச் சொன்னார். இன்று உங்களுக்கு அது பாடத்தில் இருக்கிறது.

சீஃப் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நீ செஞ்சது சரி. பேசின விதம் தப்பு. வெளியாளுங்க முன்னால 'மாட்டேன்'னு சொன்னே. தியேட்டர்ல ரெண்டு குரல் இருந்தா ஒழுங்கு போயிடும். மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுத்துட்டுப் போய் வேலையைப் பாரு."

"சரியாச் செஞ்சதுக்கு எதுக்கு சார் மன்னிப்பு?"

"எழுத முடியுமா முடியாதா?"

"முடியாது சார். இதை எழுதினா அடுத்த தடவை எனக்கு வாய் வராது."

மறுநாளிலிருந்து என்னைக் கழுவும் அறையில் போட்டார்கள். மற்றவர்கள் ஓட்டிய இயந்திரத்தின் குழாய்களில் மற்றவர்களின் நோயாளிகளுடைய ரத்தத்தைக் கழுவினேன். நிரந்தரம் செய்யப் போன என் ஃபைல் பாதி வழியில் நின்றது. எனக்குப் பின்னால் சேர்ந்தவர் எனக்கு முன்னால் போனார். ஊரிலிருந்து அம்மா பஸ் ஏறி வந்து அழுதாள். "பெரிய டாக்டரு. மன்னிச்சிக்கோங்க சார்னு ஒரு வார்த்த சொன்னா வாய்ல இருக்கற முத்து கொட்டிடுமா?" என்றாள். கொட்டாதுதான். ஆனாலும் சொல்லவில்லை. அம்மா கோபித்துக்கொண்டு உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் ஏறிப் போனாள். அன்று நானும் அழுதேன். வீறாப்புக்காரிக்கு அழுகை வராது என்று நினைத்துவிடாதீர்கள்.

சில மாதம் கழித்து ராமாயி பரிசோதனைக்கு வந்தாள். வார்டெல்லாம் தேடி, கடைசியில் கழுவும் அறை வாசலில் வந்து நின்றாள்.

"இன்னாக்கா இது? மெஷினு ஓட்டறவ இங்க குழா கழுவிக்கினு கீற?"

சொன்னேன். அவள் நேராக சீஃப் உட்கார்ந்திருந்த அறைக்குள் போனாள். நான் ஓடிப்போய்த் தடுப்பதற்குள் அவள் குரல் வெளியே கேட்டது. கதவு சாத்தியிருந்தாலும் கேட்கிற குரல் அது.

"அந்தக்கா வாயத் தொறக்கலன்னா நானு இன்னா ஆயிருப்பேன் டாக்டரே?"

"அது வேறம்மா. ஆபரேஷன் பண்ற எடத்துல நான் சொல்றதுதான் நடக்கணும். ஆளாளுக்குப் பேசினா உயிர் போயிடும்."

"நீ எங்க மலையில ஜீப்புல எறங்கி வந்துகீறியா?"

"இல்லை."

"உள்ள எடம் பத்தாம பின்னால தொங்கிக்கினு வருவாங்க. வளைவுல பின்சக்கரம் ஓரத்துக்குப் போறது டிரைவருக்குத் தெரியாது, தொங்கறவனுக்குத்தான் தெரியும். அவன் 'நிறுத்து'ன்னு கத்துனான்னா டிரைவரு மொதல்ல பிரேக்க அமுக்குவான். அப்பறம்தான் இன்னாடான்னு கேப்பான். சும்மா கத்திட்டான்னா எல்லாரும் சிரிச்சிக்கினு போயிடுவாங்க. கத்துனவன எறக்கி வுட்டுட்டா, அடுத்த வளைவுல எவன் கத்துவான்?"

"ஜீப்பும் இதுவும் ஒண்ணாம்மா? மாத்திரைய ஒழுங்காச் சாப்பிடு, போ" என்று எரிந்து விழுந்தார். அவள் முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தாள். "கோவக்கார ஆளு" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டாள்.

கொஞ்ச நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலையில் சீஃபே கழுவும் அறைக்கு வந்தார்.

"லெட்டர் எழுதிட்டியா?"

"இல்லை சார்."

"எழுதாதே" என்றார். "தியேட்டருக்குள்ள வா."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஃபைலில் ஏறிய கறுப்புப் புள்ளியை அவர் எடுத்துவிடவும் இல்லை. அந்த மாதங்களில் போன சீனியாரிட்டி எனக்குக் கடைசிவரை திரும்பக் கிடைக்கவில்லை. கீழ்ப்படியிலேயே ஓய்வு பெற்றேன். எனக்கு அதில் கோபம் இன்றும் இருக்கிறது, சாகிற வரைக்கும் இருக்கட்டும். என்னைத் தேடி வந்த அந்தப் பெண் கேட்டாள்: "அன்னைக்கே எழுதிக் குடுத்திருந்தா நல்ல போஸ்ட்டுக்குப் போயிருப்பீங்களே ஆன்ட்டி?" போயிருப்பேன். உனக்கும் நாளைக்கு அப்படித்தான் சொல்வார்கள், ஒரு வார்த்தைதானே என்பார்கள். எழுதாதே. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள் அல்லவா? நம் முன்னால் மயக்கத்தில் படுத்திருப்பவருக்கு வாய் இல்லை. அவர் பிழைக்க வேண்டுமானால் அந்த நேரத்து வாய் நம்முடையது. காரணம் தெரிந்த பிறகுதான் பேசுவேன் என்று காத்திருக்காதே. கண்ணில் பட்டதைச் சொல், திட்டு வாங்கு, முக்காலியை விட்டு எழுந்திருக்காதே.

கழுவும் அறையிலிருந்து திரும்பிய பிறகு எனக்குக் கிடைத்த முதல் கேஸைப் பற்றி மட்டும் சொல்லி முடிக்கிறேன். நெஞ்சு திறந்து, குழாய்கள் போட்டாயிற்று. சீஃப் "பம்ப் ஆன்" என்று சொல்வார் என்று எல்லாரும் நின்றோம். அவர் சொல்லவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்து, "உனக்குச் சரியா? ஆரம்பிக்கலாமா?" என்றார். வழக்கமான "பம்ப், ரெடியா?" இல்லை இது; இப்படி முகத்தைப் பார்த்து யாரையும் அவர் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. எனக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"இருங்க சார், இன்னொரு வாட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

தண்ணீரைப் பார்த்தேன். குழாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். அவசரமே படாமல் கண்ணாடிக் கூட்டைச் சுற்றி வந்து பார்த்தேன். கையுறை போட்ட இரண்டு கைகளையும் மார்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி, நான் வாயைத் திறக்கும் வரைக்கும், அவர் நின்றுகொண்டிருந்தார்.